அம்மா கட்டத்துக்கு ஒரு குரல்

டேப்லெட்டுக்குள் இருந்த அந்தப் பெண்ணை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. வாய் பேச வராத பிள்ளைகளுக்காக எங்கள் பகல் நேர மையத்துக்கு வந்த டேப்லெட் அது. அதில் ஒரு செயலி. திரை முழுக்கக் கட்டம் கட்டமாகப் படங்கள். எதைத் தொடுகிறோமோ அதன் பெயரை உள்ளே இருக்கும் பெண் சொல்வாள். சொல்லத்தான் செய்தாள். ஆனால் விழுப்புரம் வண்டி புறப்படத் தயாராக இருக்கிறது என்று பஸ் ஸ்டாண்டில் அறிவிக்கிற குரலில் ஒரு பத்து வயதுப் பிள்ளை பசிக்கிறது என்றால், யாருக்குச் சோறு போடத் தோன்றும்?

படங்களும் அந்த லட்சணத்தில்தான் இருந்தன. சாப்பாட்டுக்கு ரொட்டித் துண்டு. குளிருக்குப் பனியில் செய்த பொம்மை. திருவண்ணாமலை வெயிலில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பொம்மையை வைத்து நான் யாருக்கு என்ன சொல்லிக்கொடுப்பது? ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் தூக்கிவிட்டு, என் போனில் எடுத்த படங்களைப் போட்டேன். எங்கள் மையத்து எவர்சில்வர் டம்ளர், நீலக் கதவு போட்ட பாத்ரூம், பிள்ளைகளை ஏற்றிவரும் வேன், ஆயா, நான். குரலையும் மாற்றிவிடலாம் என்று தோன்றியது. ஆயாவைப் பேசச் சொன்னால் வெட்கப்பட்டுக்கொண்டு பாத்திரம் கழுவப் போய்விட்டார். வேறு வழியில்லாமல் நானே ஒவ்வொரு சொல்லாகப் பேசிப் பதிந்தேன். இத்தனை வருடம் வகுப்பில் கத்திக் கத்தித் தேய்ந்துபோன கட்டைக் குரல் என்னுடையது. இருந்தாலும் மனுஷக் குரல்.

இவ்வளவு மெனக்கெட்டது முக்கியமாக ஒரு சின்னப் பெண்ணுக்காக. பிறந்தபோதே மூளைக்குப் போக வேண்டிய காற்று குறைந்து, கைகால் விறைத்துப்போனவள். சக்கர நாற்காலியில்தான் இருப்பாள். நாக்கு அவள் சொன்னபடி கேட்காது. காதுக்கும் புத்திக்கும் ஒரு குறையும் இல்லை. நாம் சொல்வது எல்லாம் புரியும், நாம் சொல்லாததும் புரியும். விரல் நடுங்குவதால், ஒரு கட்டத்தில் சற்று நேரம் விரலை வைத்திருந்தால்தான் பேசும்படி அமைத்துக் கொடுத்தேன். ஒரு மாதத்துக்குள் கை பழகிவிட்டது.

கை பழகியதும் அவள் செய்த முதல் வேலை ஆயாவை ஏமாற்றியது. ஆயாவின் படத்தைத் தொட்டு, 'வா' என்ற கட்டத்தையும் தொடுவாள். "ஆயா! வா!" என்று என் குரல் அதட்டும். சமையலறையிலிருந்து ஆயா ஈரக் கையோடு ஓடிவருவார். "இன்னா டீச்சர், கூப்ட்டீங்களா?" நான் பேந்தப் பேந்த விழிப்பேன். நாற்காலியில் இருப்பவள் உடம்பே குலுங்கச் சிரிப்பாள். நான்காவது முறைதான் ஆயாவுக்கு விஷயம் புரிந்தது. "டீச்சர் ஒருத்தங்களே ஜாஸ்தி, இதுல இன்னொண்ணா?" என்று என்னைத்தான் திட்டினார்.

எல்லோரும் சிரித்தோம். அவள் அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

அந்த அம்மா ஒரு ரெடிமேட் கடைக்கு நைட்டி தைப்பவர். வீடு இரண்டு தெரு தள்ளித்தான். காலையில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து விடுவார், சாயங்காலம் வந்து கூட்டிப்போவார். ஒருநாள் அவரை உட்காரவைத்து, "இப்ப பாரும்மா" என்று மகளுக்குச் சைகை காட்டினேன். நான் போட்டிருந்த தன் அம்மாவின் படத்தின்மேல் அவள் விரல் வைத்தாள். "அம்மா" என்றது டேப்லெட். நான் பெருமையோடு பார்த்தேன். அந்த அம்மா முகம் சுண்டிவிட்டது.

"நீங்க கூப்புடுறீங்க டீச்சர்," என்றார். "என்னைவிடப் பெரியவங்க நீங்க. நீங்க என்னை அம்மான்னா எனக்கு எப்படி இருக்கும்?"

டேப்லெட்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் காலையில் திரும்பி வந்தபோதுதான், வீட்டில் அது பீரோவுக்குள்ளேயே கிடந்தது என்று தெரிந்தது. மெஷினில் பேசிப் பழகினால் வாய் சுத்தமாக மூடிக்கொள்ளும் என்று அவருக்குப் பயம். அப்படியெல்லாம் ஆகாது என்று எனக்குத் தெரிந்த வரையில் விளக்கினேன். கோபமும் பட்டேன். எனக்குக் கோபம் மூக்கின்மேல்தான். மையத்தில் ஆயாவை விரட்டி வேலை வாங்குகிற பெண், வீட்டுக்குப் போனதும் ஊமையாகிவிடுகிறாளே என்று வயிறு எரிந்தது.

அவர் அழவில்லை, சண்டையும் போடவில்லை. நாற்காலியின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எல்லா வீட்லயும் புள்ளைங்க சும்மா சும்மா அம்மா அம்மான்னு நச்சரிக்குதுங்க. அவங்கம்மாங்க சலிச்சுக்கறாங்க. எனக்கும் அப்படி ஒரு தடவை சலிச்சுக்கணும் டீச்சர். அதுக்குத்தான் சுத்தறேன்."

அவர் சுற்றுவது மலையை. பௌர்ணமிதோறும், செருப்பில்லாமல், மகளையும் தள்ளிக்கொண்டு. பாதையில் எங்கேயும் உட்காருவதில்லை என்று வேண்டுதல். மகள் தன்னை ஒரு தடவை கூப்பிடும் வரைக்கும் அப்படித்தான். பகல் முழுக்கத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தே இருப்பவர் மலைக்கு முன்னால் உட்கார மாட்டேன் என்கிறார். இதற்கு நான் என்ன பதில் சொல்ல?

பதில் சாயங்காலங்களில் கிடைத்தது. மையத்தின் கேட் கொக்கி சத்தம் கேட்டால், அந்தப் பெண் தாடையைத் தூக்கி ஒரு சத்தம் போடுவாள். மூக்கில் ஆரம்பித்து மேலே ஏறும் சத்தம். 'ங்ங்' என்று தொடங்கி 'ஆ'வில் போய் நிற்கும். வேன் டிரைவர் கொக்கியைத் தூக்கினால் வராது, நான் தூக்கினாலும் வராது. அவள் அம்மா வந்தால் மட்டும்தான் வரும். நானும் தினம் கேட்டிருக்கிறேன், ஆனால் அதை ஒரு சொல்லாக நினைத்ததில்லை. அவள் உன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று ஒருநாள் அவள் அம்மாவிடம் சொன்னபோது, "அது சந்தோஷத்துல தானா வர்ற சத்தம். கூப்புடறது இல்ல," என்றார். நியாயமான பேச்சுதான்.

அன்று சாயங்காலம் போனைத் தயாராக வைத்திருந்தேன். கொக்கி சத்தம் கேட்டது, அவள் குரல் கொடுத்தாள், பதிந்துகொண்டேன். மறுநாள் காலையில் 'அம்மா' கட்டத்திலிருந்த என் கட்டைக் குரலை அழித்துவிட்டு அவள் சத்தத்தைப் போட்டேன். அவள் விரல் வைத்தாள். தன் சத்தம் தனக்கு வெளியே கேட்டதும் திடுக்கிட்டாள். பிறகு எச்சில் ஒழுகச் சிரித்தாள். சோறு ஊட்டும்போதுகூட விடாமல் அமுக்கிக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் அவள் அம்மா வந்தபோது டேப்லெட் சார்ஜ் தீர்ந்து செத்துக் கிடந்தது. எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

அடுத்த நாள் பௌர்ணமி. "கூட்டத்துல தண்ணி வேணும்னாலாவது சொல்லட்டும், நாற்காலியில இதை மாட்டிவிடறேன்," என்று கெஞ்சினேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்ப நீங்களும் சுத்துங்க டீச்சர்," என்றார். இந்த ஊரிலேயே குடியிருந்துகொண்டு, பௌர்ணமி என்றாலே கதவைச் சாத்திக்கொள்கிற ஆள் நான். வசமாக மாட்டிக்கொண்டேன்.

மதியம் மூன்று மணிக்குக் கிளம்பினோம். தார் ரோடு இன்னும் கொதித்தது. மலைப் பாதையின் ஆரம்பத்தில் வரும் யம லிங்கம் தாண்டுவதற்குள்ளேயே எனக்கு மூச்சு வாங்கியது, செருப்போடு நடந்தும்கூட. பாதி வழியில் அடி அண்ணாமலை வந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது, கூட்டம் நெருக்கியது. "நீங்க தள்ளுங்க டீச்சர், நான் வழி பண்றேன்," என்று அவர் முன்னால் போனார். "ஓரம் போங்க, வண்டி வருது, ஓரம் போங்க."

நிமிர்ந்து நடக்கிற எனக்குக் கூட்டத்தின் தலைகள்தான் தெரிந்தன. நாற்காலியில் இருப்பவளுக்குக் கால்கள் தெரியும் என்பது எனக்கு அதுவரை உறைக்கவில்லை.

திடீரென்று முழுச் சத்தத்தில் டேப்லெட் கூப்பிட்டது. "ங்ங்ங்ஆ!"

முன்னால் போன அம்மா சட்டென்று திரும்பினார். ஓடிவந்து மகளின் வாயைப் பார்த்தார். வாய் மூடியிருந்தது. அவள் மறுபடி அந்தக் கட்டத்தில் விரலை வைத்தாள், மறுபடி அதே சத்தம் வந்தது. அம்மா என்னைப் பார்த்தார்.

"அவ சத்தந்தாம்மா," என்றேன். "முந்தாநேத்து நீ வந்தப்ப பிடிச்சது. நான் ஒண்ணும் பேசல."

மகள் அதற்குள் அடுத்த கட்டங்களுக்குப் போய்விட்டாள். "கால்," என்றது என் குரல். "வலி." அம்மா பதறிப்போய்க் குனிந்து மகளின் காலைப் பிடித்துப் பார்த்தார். மகள் இல்லை என்று தலையை வேகமாக ஆட்டினாள். பொறுமையாக மறுபடி ஆரம்பித்தாள். தன் சத்தம். "கால்." "வலி." அப்போதுதான் நான் குனிந்து அந்த அம்மாவின் பாதத்தைப் பார்த்தேன். குதிகாலில் கொப்புளம் உடைந்து, நடந்த இடமெல்லாம் ஈரம் பட்டிருந்தது. இவ்வளவு தூரமும் ஒரு வார்த்தை சொல்லாமல் வந்திருக்கிறார்.

மகளின் விரல் நடுங்கிக்கொண்டே எதையோ தேடியது. தப்பான கட்டத்தில் பட்டதும் டேப்லெட் "இட்லி" என்றது, விரல் மறுபடி தேடியது. கடைசியில் கண்டுபிடித்தாள்.

"உட்காரு!"

பெஞ்சுமேல் ஏறும் பிள்ளையை நான் அதட்டும் அதே குரல். பக்கத்தில் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னை முறைத்தார்.

அந்த அம்மா உட்காரவில்லை. நின்றபடியே மலையை நிமிர்ந்து பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்பதுபோலக் கேட்டார்: "கூப்புட்டுட்டா. கேட்டுச்சில்ல?" பிறகு ஓரத்து டீக்கடையின் பிளாஸ்டிக் நாற்காலியில் போய், இரண்டு கையையும் ஊன்றி, மெதுவாக உட்கார்ந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்படாமல் அழுதேன்.

டீ வந்தது. அவர் வாயருகே கொண்டுபோனார். "ங்ங்ஆ!" என்றது டேப்லெட். "என்னடி?" என்று கீழே வைத்தார். மகள் ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி டம்ளரை எடுத்தார். "ங்ங்ஆ!" "சொல்லுடி." அப்போதும் ஒன்றும் இல்லை. கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு அவள் சிரித்தாள். மூன்றாவது தடவை கூப்பிட்டதும் அம்மா டம்ளரை நங்கென்று வைத்தார்.

"ஏன்டி, சும்மா சும்மா? ஒரு வாய் டீ குடிக்க விடறியா நீ?"

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டார்.