றுமானா மிஸ்ஸும் நெல் ஏறிய பாலமும்

மதகு ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் றுமானா கணவரின் முதுகில் தட்டுவார். மிஹ்லார் மோட்டார் சைக்கிளை நிறுத்தியாக வேண்டும். நிந்தவூரில் மதினி மகளின் கலியாண வீடு காத்திருக்கும். கையில் பரிசுப் பொதி இருக்கும். உள்ளே பட்டுச் சேலை, மேலே புது அபாயா. அதெல்லாம் ஒரு பொருட்டா? அபாயாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கி, மதகுக்கு அடியில் தலையை விட்டு, கல் ஒன்றால் கொங்கிறீட்டைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார்.

“மச்சான், அடியில வெடிச்சிரிக்கி. கம்பி தெரியிது.”

“நாம கலியாணத்துக்குப் போறமா, மதகுக்குப் போறமா?”

“மதகால போய்த்தானே கலியாணத்துக்குப் போகணும்.”

மிஹ்லார் மோட்டார் சைக்கிளை மறுபடி உதைத்துக் கிளப்புவார். கல்முனைக்குடியில் புடவைக் கடை நடத்துகிறவர், ஒன்றுக்குப் பத்துப் பேசிச் சரக்கை விற்கிறவர். மனைவியிடம் மட்டும் அந்த வாய் எடுபடாது.

றுமானா வீதித் திணைக்களத்தில் பொறியியலாளர். பாலங்களைத் திட்டமிடுவது, அதற்கு நிதி கேட்டு மேலிடத்தை விடாமல் துரத்துவது, கட்டியதைக் காப்பது எல்லாம் அவர் தலையில்தான். சந்தோஷத்தை அடக்கத் தெரியாத பெண். கொங்கிறீட் நன்றாக இறுகிவிட்டாலே சிரிப்பு வந்துவிடும். விருந்தில் பலர் சேர்ந்து உண்ணும் சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்தால், இரண்டு கோழித்துண்டுகளுக்கு மேல் ஓர் அப்பளத்தைப் பாலமாக வைத்து, நடுவில் விரலால் அழுத்துவார். “பாத்தீங்களா, அடிப்பக்கந்தான் முதல்ல வெடிக்கும்,” என்று அவர் விளக்கி முடிப்பதற்குள், ஒரே சஹனில் இருப்பவர்கள் தூண்களைத் தின்று தீர்த்திருப்பார்கள்.

அவருடைய உயிர் ஓரிடத்தில் கிடந்தது. சவளக்கடைக்குப் போகும் வழியில், ஆற்றுக்குக் குறுக்கே தாழப் போட்ட பழைய தாம்போதி வீதி. மாரி வந்தால் வெள்ளம் அதன் மேலால் பாயும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. பிள்ளைத்தாய்ச்சியைத் தோணியில் ஏற்றித்தான் ஆசுபத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். றுமானா மண்ணைத் துளைத்துப் பார்த்து, வெள்ளம் ஏறும் உயரத்தை அளந்து, பாலத்துக்குத் திட்டம் அனுப்பினார். அடுத்த வருடம் பார்ப்போம் என்று கொழும்பிலிருந்து பதில் வந்தது. அடுத்த வருடமும் அதே பதில். “வெள்ளம் அடுத்த வருசம் வரைக்கும் பாத்துக்கொண்டு நிக்குமா சேர்?” என்று நிறைந்த கூட்டத்தில் கேட்டுவிட்டார். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். கொழும்பும் தேய்ந்தது, பாலம் எழுந்தது.

மாரி தொடங்குமுன் அதைத் திறக்க வேண்டுமென்றால் பாரம் தாங்கும் சோதனையில் தேற வேண்டும். தேறாவிட்டால் இந்த மாரிக்கும் தோணிதான். சோதனைக்குப் பாரமாக மணல் லொறிகளை நெல் ஆலைத் தராசில் எடை பார்த்து, சவளக்கடைக் கரையில் விட்டிருந்தார்கள். மறுநாள் காலை அவை பாலத்தில் ஏறி நின்றன. பாலத்தின் அடியில் பொருத்திய கருவியின் முள் நகர்ந்தது. நிற்க வேண்டிய இடத்தையும் தாண்டி நகர்ந்தது.

“பாலம் கூடுதலாத் தாழுது மிஸ்,” என்றார் கொழும்பிலிருந்து வந்த பரிசோதகர். “இப்பிடி இருந்தா நான் பாஸ் போட ஏலாது.”

றுமானா தான் போட்ட கணக்கை மனதுக்குள் திரும்பவும் போட்டுப் பார்த்தார். பிழை இல்லை. நிமிர்ந்து லொறிகளைப் பார்த்தார். நேற்று மணலுக்கு மேல் தட்டையாகக் கிடந்த படங்குத் துணிகள் இன்று கலியாணச் சோறு தின்ற வயிறுபோலப் புடைத்திருந்தன. லொறியின் சில்லில் கால் வைத்து மேலே ஏறிப் படங்கை இழுத்தார்.

மணலுக்கு மேலே நெல் மூடைகள். அடுத்த லொறியிலும் நெல் மூடைகள்.

கரையில் கூடிநின்ற சனம் ஒருவர் பின்னால் ஒருவர் ஒதுங்கியது. அங்கே வயல் செய்கிற சுபைறாதான் துணிந்து முன்னால் வந்தார்.

“கோவிக்காதீங்க மிஸ். புது ஊட்டுக்குள்ள முதல்ல நெல்லத்தானே கொண்டு போவம், பறக்கத்துக்கு, நல்லது பெருகட்டுமெண்டு. இம்பட்டுப் பெரிய பாலத்துல முதல்ல வெறும் மணல் போனா நல்லாவா இரிக்கும்? அதான் ஒவ்வொரு ஊட்டுக்கும் ஒரு மூடையெண்டு ஏத்தினம்.”

“லொறி றைவர்மார் ஒண்டும் சொல்லல்லியா?”

“அவங்கட மூடையும் அதுலதான் இரிக்கி.”

றுமானாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. மூடையின் மேலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வழியும்வரை சிரித்தார். பரிசோதகர் ஆற்றைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய தோள்களும் குலுங்கின.

மூடைகளை இறக்க ஊரே பாய்ந்து விழுந்தது. லொறிகளை மறுபடி தராசில் ஏற்றிப் பார்த்து, சோதனையை முதலிலிருந்து தொடங்கினார்கள். இம்முறை முள் சொன்ன இடத்தில் நின்றது. இரவு முழுக்கப் பாலத்தில் நின்ற லொறிகள் மறுநாள் இறங்கியதும், அது மெல்ல ஊர்ந்து பழைய இடத்துக்கே திரும்பியது. பாரம் போனதும் பாலம் நிமிர்ந்துவிட்டது.

“பாஸ் மிஸ்,” என்றார் பரிசோதகர்.

கரையில் ஊரார், முதல்நாள் செய்த வேலைக்குப் பிறகு சந்தோஷப்படலாமா கூடாதா என்று தெரியாமல், அடுக்கிய மூடைகளின் பக்கத்தில் நின்றார்கள். றுமானா நேரே அவர்களிடம் வந்தார். மூடைகளுக்குள் தேடிச் சின்னதாக ஒன்றை எடுத்து, பிள்ளையை வைப்பதுபோல் இடுப்பில் வைத்துக்கொண்டு, அக்கரையை நோக்கிப் பாலத்தில் நடந்தார்.