இறக்கைக்குள் ஒரு கை

ஏழாம் வகுப்பில் அறிவியல் கண்காட்சிக்கு நான் ஒரு நாட்டுச்சேவலின் எலும்புக்கூட்டை எடுத்துப் போனேன். சமயநல்லூரில் எங்களுக்குக் கோழிக்கறிக் கடை. எடைபோடுவது அப்பா, வெட்டுவது அம்மா. மற்ற பிள்ளைகள் எரிமலை, காற்றாலை என்று செய்ய, எங்கள் வீட்டில் தாராளமாகக் கிடைத்தது எலும்புதான். கோழி டைனோசர் வம்சம் என்று எங்கோ படித்திருந்தேன். வேகவைத்து, சுரண்டி, காயவைத்து, இரண்டு வாரம் மெனக்கெட்டுப் பசை போட்டு நிறுத்தினேன்.

கண்காட்சி மதுரையில். பெட்டி பெரிது என்று அம்மாவும் துணைக்கு வந்தாள். ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் இறங்குகிற நெரிசலில் யாரோ பெட்டிமேல் சாய்ந்துவிட்டார்கள். மேசையில் வைத்துத் திறந்தால் சேவலைக் காணோம். சாப்பிட்டு முடித்த இலைபோல ஒரு எலும்புக் குவியல்.

"டைனோசர் மறுபடி அழிஞ்சு போச்சுடோய்!" பக்கத்து மேசைப் பையன்கள் சிரித்தார்கள். நடுவர் கூடத்தின் மறுகோடியிலிருந்து வந்துகொண்டிருந்தார். நான் அழ ஆரம்பித்தேன்.

அம்மா முந்தானையை இடுப்பில் செருகினாள். "எதுக்குத்தா அழுகுற? தெனமும் பிரிக்கிறவளுக்குச் சேக்கத் தெரியாதா? பசைய எடு."

நான் பார்த்து ஒட்டக் கொண்டுவந்திருந்த எலும்புக்கூட்டுப் படத்தைக்கூட அவள் பார்க்கவில்லை. முதுகு, விலா, நெஞ்சு, தொடை என்று விரல்கள் தாமாகவே தேடி எடுத்தன. நடுவர் வந்து நின்றபோது ஒரு இறக்கைதான் பாக்கி.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். கழுத்தடியிலுள்ள கவட்டை எலும்பு, காற்று புகுந்த எலும்புகள், இவையெல்லாம் இரண்டு காலில் நடந்த ஊனுண்ணி டைனோசர்களுக்கும் உண்டு. பறவைகள் அவற்றின் வழிவந்தவை.

"அப்ப இறக்கை?" என்றார் நடுவர். நான் மனப்பாடம் செய்ததில் அது இல்லை.

"அது கைதான சார்," என்றாள் அம்மா, நிமிராமலே. "இது முழங்கை, இது மணிக்கட்டு. நுனியில பாருங்க, மூணு விரலு. ஒட்டிப்போய்க் கெடக்கு."

நடுவர் குனிந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார். "அந்த டைனோசருங்க பலதுக்கும் கையில இதே மூணு விரல்தாம்மா!" என்றார். சிரித்த பையன்கள் எட்டிப் பார்க்க முண்டியடித்தார்கள்.

முதல் பரிசு! மேடையில் என் பெயரைக் கூப்பிட்டதும் கூடமே கைதட்டியது. கடைசி வரிசையில் அம்மா விசிலே அடித்துவிட்டாள்.

திரும்பும் பஸ்ஸில், "நான் கடகடன்னு சொன்னதுலதாம்மா அவரு அசந்துட்டாரு," என்றேன்.

"பின்ன? எம்புட்டு நல்லாச் சொன்ன!" என்ற அம்மா, கோப்பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஊர் வந்து சேரும்வரை திருப்பித் தரவே இல்லை. எனக்குக் கை வலிக்குமென்று வாங்கிக்கொண்டதாகத்தான் அன்று நினைத்தேன்.