கரண்ட் உரிமை, கண் தர்மமா?

உங்கள் அப்பாவுக்குக் கண் மங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் முதலில் கவலைப்படுவது அவர் கண்ணைப் பற்றியா, ஊர் என்ன பேசும் என்பதைப் பற்றியா? அவசரப்பட்டுப் பதில் சொல்ல வேண்டாம். சின்னண்ணன் வீட்டில் நடந்ததைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

சின்னண்ணனுக்கு அறுபத்தைந்து வயது. நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் கிணற்றுப் பாசனத்தோடு கொஞ்சம் தோட்டம். மஞ்சளும் மரவள்ளியும் போடுகிறார். மகன் ஈஸ்வர் போர்வெல் வண்டியில் வேலைக்குப் போய் வருடத்தில் முக்கால்வாசி வடநாட்டில் இருக்கிறான். வீட்டில் மனைவி சௌந்திரமும் மருமகள் தனப்பிரியாவும். சௌந்திரத்துக்கு ஒரு செவலை மாடு உண்டு. பால் சொசைட்டியில் ஊற்றி வருகிற பணம் அவள் கையில் இருக்கும். அதில் கணவர் தலையிட்டதில்லை.

சென்ற வருடம் மஞ்சளில் இலைப்புள்ளி நோய் விழுந்தது. சின்னண்ணன் தினமும் வரப்பில் நடந்தவர்தான். ஆனால் அவருக்குத் தெரியவில்லை. மருமகள் ஒரு இலையைக் கிள்ளி வந்து காட்டினாள்.

"எல்லாம் நல்லாத்தானே இருக்குது சாமி?"

"புள்ளி புள்ளியா இருக்குதுங்க மாமா. உங்களுக்குத் தெரியலீங்களா?"

இலையைக் கண்ணருகில் கொண்டுபோய், திருப்பி, வெயிலில் பிடித்துப் பார்த்தார். தெரியவில்லை. கண்ணில் புரை விழுந்திருக்கிறது என்று அவருக்கே தெரியும். "இன்னும் நல்லா முத்தட்டும். பழுத்தாத்தான் எடுக்க வரும்" என்று ஒரு வருடமாகத் தள்ளிக்கொண்டிருந்தார். மாங்காயா அது, பழுக்க வைப்பதற்கு? ஒரு காலத்தில் அப்படிச் சொன்னார்கள். இன்றைக்கு அந்தப் பேச்சுக்குப் பொருளில்லை. புரை இறுக இறுக அறுவைதான் கடினமாகும்.

தனப்பிரியா அவரைச் சேலத்தில் ஒரு தனியார் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். அங்கே இருந்த மருத்துவரைக் குறை சொல்ல முடியாது. பொறுமையாகப் பார்த்தார், இனி தள்ளிப்போடக் கூடாது என்றார். அதன் பிறகு குளிர்ந்த அறையில் ஒரு பெண் பளபளப்பான அட்டையைப் பிரித்தாள். இது உள்நாட்டு லென்ஸ், இது வெளிநாட்டு லென்ஸ், இதைப் போட்டால் கண்ணாடியே வேண்டாம், இது கத்தியில்லாமல் லேசரில். எந்தக் கண்ணுக்கு எது தேவை என்பதை அவள் சொல்லவில்லை. "அப்பாவோட கண்ணாச்சே, பெஸ்ட்டா பண்ணிடலாமே?" என்றாள். பாசத்தைக் காட்டி விற்பதற்கும் இப்போது பயிற்சி கொடுக்கிறார்கள் போலிருக்கிறது.

போனில் ஈஸ்வர் சொன்னான்: "இருக்கறதுலயே ஒசத்தியானதப் போடுங்க. நாலு பேரு கேட்டா சொல்லிக்கோணுமில்ல."

அந்த உசத்தியான லென்ஸின் விலை ஒரு கறவை மாட்டின் விலையைத் தாண்டியது. அன்று சாயங்காலம் வீட்டில் பேச்சு வெடித்தது.

"செவலையைக் குடுத்துப்போடலாம்" என்றார் சின்னண்ணன்.

"என்ற மாட்டைக் குடுக்க நீங்க ஆருங்க?" என்றாள் சௌந்திரம்.

"கண்ணு போவுதுங்கறேன், நீ மாடு மாடுங்கற."

"கண்ணு வேண்டாமுன்னு ஆரு சொன்னா? கவுருமெண்ட் ஆஸ்பத்திரியில இதே ஆப்பரேசன் பண்றாங்க. லென்ஸும் வெச்சுத்தான் அனுப்பறாங்க. பால் ஊத்தற எடத்துல ரெண்டு பேரு பண்ணிட்டு வந்து சொன்னாங்க."

"தர்மாஸ்பத்திரியிலயா?" சின்னண்ணனுக்குக் குரல் ஏறியது. "தர்மம் குடுத்த ஊடுடி இது. வாங்கின ஊடு இல்ல."

சௌந்திரம் பால் கேனைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, கெணத்து மோட்டாருக்கு எவ்வளவு பில்லு கட்டறீங்க?"

"அதுக்கு எதுக்குப் பில்லு? வெவசாயிக்குக் கரண்ட் ஃப்ரீ."

"அப்ப அது தர்மக் கரண்டுங்களா?"

"வாயைக் கழுவு! அது போராடி வாங்குனது. எங்கப்பன் வண்டி கட்டிட்டுப் போயி ரோட்டுல உக்காந்தாரு. எத்தன பேரு உசுரு போச்சு தெரியுமா உனக்கு?"

"செரி. ஆஸ்பத்திரி மட்டும் மானத்துல இருந்து உழுந்துச்சா? சோப்பு வாங்கினா வரி, டீசல் போட்டா வரி, உரத்துக்கு வரி. அந்தக் காசுல கட்டுனதுதானுங்களே அதுவும்? கரண்டுன்னா உரிமை, கண்ணுன்னா பிச்சையா?"

உள்ளே தனப்பிரியா சிரித்துவிட்டாள். சின்னண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

இலவச மின்சாரத்தை யாரும் தர்மம் என்று சொல்வதில்லை. மருத்துவமனைக்கு மட்டும் அந்தச் சொல் ஏன் ஒட்டிக்கொண்டது? அந்த மின்சாரம் கிணறும் நிலமும் உள்ளவன் தோட்டத்துக்கு வருகிறது. மருத்துவமனை வரிசையில் நிலம் இல்லாதவனும் நிற்கிறான். சின்னண்ணனின் கூச்சம் தர்மம் வாங்குவதில் இல்லை, பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்பதில் இருந்தது. இதை அவரிடம் சொன்னால் மறுப்பார். நம்மில் பலரும் மறுப்போம்.

மாடு வீட்டிலேயே நின்றது. சௌந்திரம் அதை விற்க விடமாட்டாள் என்று தெரிந்த பிறகு, வேறு வழியில்லாமல்தான் அவர் அரசு மருத்துவமனைக்குப் போனார்.

அங்கே எல்லாம் ஒழுங்காக இருந்தது என்று பொய் சொல்லப்போவதில்லை. உட்காரப் பெஞ்சு போதவில்லை. கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. அறுவை செய்ய இருந்தது ஒரே மருத்துவர். அவருக்கு முன்னால் அத்தனை கூட்டம். முதல் முறை போனபோது சர்க்கரை அதிகம் என்று திருப்பி அனுப்பினார்கள். "பாத்தியா, தொரத்தி உட்டுட்டாங்க" என்று சின்னண்ணன் கிட்டத்தட்டச் சந்தோஷமாகவே சொன்னார். சர்க்கரையோடு கத்தி வைத்தால் ஆபத்து, அதனால்தான் அனுப்பினார்கள் என்று தனப்பிரியா சொல்லிப் புரியவைத்தாள். மாத்திரை சாப்பிட்டு, சோற்றைக் குறைத்து, மறுபடி போனார்.

அறுவைக்கு முன்னால் எல்லோருக்கும் ஒரே பச்சை அங்கி, ஒரே துணித் தொப்பி. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் குனிந்து உற்றுப் பார்த்தார்.

"ஏனுங்க பண்ணாடி, நீங்களுமா?"

சின்னான். சின்னண்ணன் தோட்டத்தில் பல வருடம் மஞ்சள் வெட்டியவர். நிலக்காரரைப் பண்ணாடி என்று கூப்பிடும் பழக்கம், பச்சை அங்கி போட்ட பிறகும் அவர் வாயை விட்டுப் போகவில்லை.

"ஆமா" என்றார் சின்னண்ணன். "பயமா இருக்குதா?" என்று கேட்டார்.

"எனக்கென்னங்க பயம்? போன வருசம் எடது கண்ணு, இப்ப வலது. ஊசி போடறதுதான் சுருக்குங்கும். அப்பறம் ஒண்ணுமே தெரியாது. லைட்டு மட்டும் தெரியும். ஆடாம மட்டும் படுத்திருங்க. நீங்க நெலத்துல நிக்கறப்பவே ஆடிட்டே இருப்பீங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பேர் கூப்பிடும் வரை சின்னண்ணன் கட்டிலை மாற்றிக் கேட்கவில்லை.

மறுநாள் கட்டுப் பிரித்தபோது அவர் முதலில் பார்த்தது மனைவியின் முகத்தை. "ஏன் இப்படி நரைச்சுப்போயிட்ட?" என்றார். "இப்பத்தான் தெரிஞ்சுதுங்களா?" என்றாள் சௌந்திரம்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

கறுப்புக் கண்ணாடியோடு அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது ஒறம்பரை வந்தது. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு சொந்தக்காரர்கள் பார்க்க வந்தார்கள். விடுப்பில் வந்திருந்த ஈஸ்வர் எல்லோரிடமும் ஒரே பதிலைச் சொன்னான்: "சேலத்துல பண்ணுனோமுங்க. பெரிய ஆஸ்பத்திரி. ஃபாரின் லென்ஸ்." சின்னண்ணன் மறுக்கவில்லை. கறுப்புக் கண்ணாடி எதையும் காட்டிக்கொடுக்காது.

கடைசியாகப் பக்கத்துத் தோட்டத்து சென்னியப்பன் வந்தார். தடவித் தடவித்தான் படியேறினார். அவருக்கும் இரண்டு கண்ணிலும் புரை, சர்க்கரையும் உண்டு.

"எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லு மாப்ள" என்று ஈஸ்வரின் கையைப் பிடித்தார். "ஊட்டுக்காரி தாலிக்கொடியக் கழட்டித் தாரேன்னு சொல்லிட்டா. இத்தன நாளு வேண்டாமுன்னு இருந்தேன். உங்கப்பனுக்குப் பார்வை வந்ததக் கேட்டா ஆசையா இருக்குது."

ஈஸ்வர் அப்பாவைப் பார்த்தான். சௌந்திரமும் அவரைத்தான் பார்த்தாள். தன் மாடு பிழைத்துவிட்டது; இன்னொருத்தியின் தாலிக்கொடி போகப்போகிறது. உண்மையை அவள் கணவர்தான் சொல்ல வேண்டும்.

சின்னண்ணன் கண்ணாடியைக் கழற்றினார்.

"பையன் பொய் சொல்றான் சென்னியப்பா. கவுருமெண்ட்ல பண்ணுனது."

"தர்மாஸ்பத்திரியிலயா?"

"தர்மமுமில்ல, மண்ணுமில்ல. நம்ம காசு. தாலிக்கொடிய அதும்பாட்டுக்குக் கெடக்கட்டும். சுகரு மாத்தரையத் தவறாமப் போட்டுட்டு, திங்கக்கெழம என்ற கூட வா."

"கூட்டமா இருக்குமே?"

"இருக்குது. நில்லு."

ஈஸ்வர் எழுந்து உள்ளே போய்விட்டான். அப்பா மானத்தை வாங்கிவிட்டார் என்று அவன் தனப்பிரியாவிடம் சொன்னதாகக் கேள்வி. அவள் என்ன பதில் சொன்னாள் என்பதை இங்கே எழுத முடியாது.

வசதி இருப்பவர் தனியாரிடம் போகட்டும். அது அவர் விருப்பம். எந்த லென்ஸ், எதற்கு அது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போகட்டும். ஆனால் அரசு மருத்துவமனையில் பார்வை வாங்கிக்கொண்டு தனியாரின் பெயரைச் சொல்லும் குடும்பங்கள் நம் ஊர்களில் நிறைய இருக்கின்றன. அந்தப் பொய்யை நம்பி ஒருவர் நகையை விற்கிறார், இன்னொருவர் விற்க நகையில்லாமல் இருட்டிலேயே இருந்துவிடுகிறார். அங்கே போனதையே மறைப்பவர்கள், அந்தக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் வேண்டும், இன்னொரு மருத்துவர் வேண்டும் என்று எப்படிக் கேட்பார்கள்?

உங்கள் வீட்டில் யாருக்காவது அரசு மருத்துவமனையில் கண் அறுவை நடந்திருந்தால், இந்த வாரமே புரையோடு இருக்கும் ஒருவரிடம் அந்த இடத்தின் பெயரைச் சொல்லுங்கள். அங்கே பட்ட சிரமத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் தயங்கினால், முதல் நாள் அவரோடு கூடப் போய் வரிசையில் நில்லுங்கள்.