புள்ளி வைக்காத வீடு

எங்கள் நகராட்சி அலுவலகத்தின் வரைபடப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் படம் வரைந்தவளை எல்லாரும் ஸ்கேல் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பொறியாளர்கூட அவள் காதுக்கு எட்டாத தூரத்தில் அப்படித்தான் சொல்வார். நான் அவளுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து பதினெட்டு வருடம் தபால் பதிவு செய்தேன். அதனால் அவள் கதையைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. இல்லை என்கிறவர்கள் வந்து தபால் பதிந்து பார்க்கட்டும்.

அவள் வேலை இதுதான். ஒரு தெருவை அகலப்படுத்த உத்தரவு வந்தால், முதலில் அந்தத் தெருவை நடந்து அளப்பார்கள். டேப்பின் ஒரு முனையை அளவு உதவியாளர் பிடிப்பார்; மறுமுனை அக்கா கையில். சட்டப்படி தெருவின் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் சமமாக இடம் எடுக்க வேண்டும். ஆனால் அக்காவின் கையில் ஒரு சிவப்புப் பென்சில் இருக்கும். கட்சிக் கொடிமரம், சிலை, வழிபாட்டு இடம், ஏதாவது சங்கத்தின் கட்டடம் வந்தால் தாளில் ஒரு புள்ளி வைப்பாள். பிறகு மேசைக்கு வந்து கோடு போடும்போது, புள்ளி இருக்கிற இடத்தில் கோடு எதிர்ப்பக்கமாக ஒதுங்கிப் போகும். எதிர்வீட்டுக்காரன் தன் பங்கையும் கொடுத்து, புள்ளிக்காரன் பங்கையும் சேர்த்துக் கொடுப்பான். இப்படிச் செய்யுங்கள் என்று எந்தக் கோப்பிலும் கிடையாது. இருந்திருந்தால் என் கையைத் தாண்டித்தானே போயிருக்கும்?

அலுவலகச் சுவரில் ஊர் வரைபடம் ஒன்று தொங்கும். சாப்பாட்டு நேரத்தில் பொழுது போகாமல் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மூட்டை தூக்குகிறவர்கள் குடியிருந்த பகுதியில் சாலை அப்படியே ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி போகும். அவர்களுக்காகப் பேச ஆள் இல்லை, கொடி நட இடமும் இல்லை. ஆள்பலம் உள்ள தெருக்களில் சாலை நெளிந்து நெளிந்து போகும். இதை ஒருநாள் அக்காவிடம் சொன்னேன். தலையைத் தூக்காமலே, "நான் கோடு போடறவ. வளைக்கிறது அவங்க," என்றாள். சரி, எனக்கென்ன வந்தது என்று நானும் டிபன் பாக்ஸைத் திறந்தேன்.

பிறகு அவள் தெருவுக்கே உத்தரவு வந்தது. இருபது அடித் தெரு நாற்பது அடியாக வேண்டும், பக்கத்துக்குப் பத்தடி.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளும் தங்கையும் அப்பா விட்டுப்போன வீட்டில் இருந்தார்கள். தங்கையின் புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டான்; அந்த ஆளைப் பற்றி இதற்கு மேல் சொன்னால் என் வாய்தான் கெடும். வீட்டின் முன்னறை பத்துக்குப் பத்து. அதில்தான் தங்கை எட்டு வருடமாகத் தையல் கடை வைத்திருந்தாள். இரண்டு மெஷின், ஒரு ஆளுயரக் கண்ணாடி, துணி வெட்ட ஒரு பலகை. யார் கையையும் எதிர்பார்க்காமல் அவள் தலைநிமிர்ந்து நின்றது அந்த அறையால்தான். அந்தப் பத்தடி போனால் கடையும் போச்சு.

எதிரே ஒரு நர்ஸ் வீடு. அங்கே முதல் பத்தடியில் வெறும் பூந்தொட்டிகள்தான். அதற்கு அடுத்த பத்தடியில் இருக்கிற அறையில் நர்ஸின் கணவர் பக்கவாதம் வந்து படுத்திருந்தார். கோடு நேராகப் போனால் நர்ஸுக்குத் தொட்டிகள் போகும், தங்கைக்குக் கடை போகும். கோடு நர்ஸ் பக்கம் வளைந்தால் கடை தப்பும், அந்தப் படுக்கை அறை போகும்.

தங்கை விவரமானவள். நகராட்சியில் எதற்குக் கோடு வளையும் என்று ஊரில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அக்காவோடு ஒரே வீட்டில் இருக்கிறவளுக்குத் தெரியாதா? கட்சிக் கூட்டங்களுக்கு அவள்தான் கொடி தைத்துக் கொடுப்பாள். நேரே கிளைச் செயலாளரிடம் போய்க் கேட்டாள். மெயின் ரோடு ஆகப்போகிற தெருவில் இடம் கிடைக்கிறதென்றால் அவருக்குக் கசக்குமா? அக்கா அலுவலகத்தில் இருந்த ஒரு மதியம், வாசலில் குழி தோண்டி, சிமென்ட் போட்டு, கொடிமரம் நட்டுவிட்டார்கள். அதில் பறந்த கொடியும் தங்கை தைத்ததுதான்.

சாயங்காலம் வீடு திரும்பிய அக்கா கொடிமரத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. புரிந்துகொண்டாள் என்று தங்கை நினைத்துக்கொண்டாள்.

அளக்கப் போன நாளில் நடந்ததை அளவு உதவியாளர்தான் எனக்குச் சொன்னார். அக்கா வீட்டு வாசல் வந்ததும் அவர் கொடிமரத்தையும் பார்த்தார், அக்காவின் கையையும் பார்த்தார். சிவப்புப் பென்சில் கையில்தான் இருந்தது. எதிரே ஜன்னல் வழியாக நர்ஸின் கணவர் இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அக்கா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, அடுத்த வீட்டு அளவை எடுக்கச் சொன்னாள்.

படம் பொறியாளர் மேசைக்குப் போனது. அவர் ஒன்றும் குருடர் இல்லை. அக்காவைக் கூப்பிட்டு, கொடிமரம் விட்டுப்போயிருக்கிறதே என்றார். அக்கா, அது என் வீடு சார் என்றாள். மனிதர் உருகிப்போய்விட்டார். சொந்த வீடு என்பதால் கூச்சப்படுகிறாள் என்று நினைத்திருக்கிறார்.

"உங்களுக்குச் சங்கடமா இருந்தா நானே புள்ளி வச்சிடறேம்மா. இத்தனை வருஷத்துல நீங்க எங்கிட்ட ஒண்ணுமே கேட்டதில்லையே."

அக்கா வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உனக்கு என்ன பைத்தியமா, அந்தப் பெண் எங்கே போவாள் என்று கேட்டேன். தாளிலிருந்த ரப்பர் தூளை ஊதித் தள்ளினாள். பிறகு சொன்னாள்:

"என் வீட்டுக்கு வளைச்சேன்னா, இதுவரைக்கும் வளைச்சது எல்லாமே நான் வளைச்சதா ஆயிடும்."

எனக்கு அப்போது அது பெரிய வார்த்தையாகத் தெரிந்தது. அவள்மேல் மரியாதை வந்தது என்பதை மறைக்க மாட்டேன். வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னேன்.

நோட்டீஸ் ஒட்டிய அன்றைக்குத்தான் தங்கைக்குத் தெரிந்தது. அவள் சத்தம் போடவில்லை, அழவில்லை. அக்காவிடம் பேச்சை நிறுத்திக்கொண்டாள், அவ்வளவுதான். கட்சிக்காரர்களாவது சண்டைக்கு வருவார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். பொறியாளர் செயலாளரிடம் பக்குவமாகப் பேசி, கொடிமரத்தைப் பத்தடி உள்ளே தள்ளி மரியாதையோடு நட்டுத் தருவதாகச் சொன்னார். நாற்பது அடிச் சாலையில் கொடி இன்னும் நன்றாகத் தெரியும் அல்லவா? அவர்கள் சந்தோஷமாகச் சம்மதித்தார்கள்.

இடிக்கிற அன்று நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். காலையில் முதலில் கொடிமரத்தைத்தான் பெயர்த்தார்கள். நாலு பேர் தாங்கிப் பிடித்துப் பதவிசாகக் கொண்டுபோய்ச் சாய்த்து வைத்தார்கள். பிறகு முன்னறைக்கு இயந்திரம் வந்தது. தங்கை ஆயத்த ஆடை கம்பெனி ஒன்றில் தினக்கூலிக்குப் போக ஏற்பாடு செய்திருந்தாள். அதன் பக்கத்திலேயே ஓர் அறையும் பார்த்திருந்தாள். ஒரு மெஷினை ஏற்கெனவே விற்றாயிற்று. மற்றதை ஏற்ற ஆட்டோ வந்து நின்றது.

நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், அக்கா என்னிடம் சொன்னதைத் தங்கையிடம் சொன்னேன். இரண்டு பேரும் சமாதானமாகப் போகட்டும் என்ற நல்லெண்ணம். தங்கை என் பக்கம் திரும்பவே இல்லை. வாசலில் நின்ற அக்காவைப் பார்த்துப் பல நாளுக்குப் பிறகு பேசினாள்.

"யார் யாருக்கோ இருபத்திரண்டு வருஷம் வளைச்ச. உன் கை சுத்தமா இருக்கணும்னு இன்னிக்கு என் கடையக் குடுத்துட்ட. உன்னோடதக் குடுத்திருந்தா நானும் பெருமைப்பட்டிருப்பேன்க்கா."

அக்கா மெஷினின் ஒரு பக்கத்தைத் தூக்கிக் கொடுக்கக் குனிந்தாள். தங்கை அவள் கையை விலக்கிவிட்டு, அதைத் தனியாகவே இழுத்து ஆட்டோவில் ஏற்றினாள்.