பிளஸ்தானே மேல்

தக்கலையில் இருந்த அந்தக் கணினிக் கடைக்காரரை நினைத்தால் முதலில் அவருடைய சுண்டுவிரல்தான் ஞாபகம் வருகிறது. எந்த டிஸ்க்கைக் கொடுத்தாலும் நடு ஓட்டையில் அந்த விரலை நுழைத்து, டியூப்லைட் வெளிச்சத்தில் மெல்லச் சுற்றிப் பார்ப்பார். ஒட்ட வெட்டிய நரைத்தலை, சட்டைப்பையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூ டிரைவர்.

அம்மா ஜெபமாலை சொல்லும் வீடியோ என் கணினியில் இருந்தது. அம்மா இறந்த முதலாம் ஆண்டு நினைவு நாளன்று அதைப் பார்க்க வேண்டும் என்றாள் குளச்சலில் இருக்கும் அக்கா. அவளுக்கு இயக்கத் தெரிந்தது பழைய டிவிடி பிளேயர் ஒன்றுதான். அதனால் அந்தக் கடைக்காரரிடம் டிஸ்க்கில் பதிவு செய்யும் டிவிடி பர்னர் ஒன்று வாங்கினேன்.

"டிஸ்க் மைனஸா, பிளஸா?" என்று கேட்டார்.

"இந்தப் பர்னருக்கு எது சேரும்?"

"ரெண்டும் சேரும்."

வெற்று டிவிடியில் மைனஸ், பிளஸ் என்று இரண்டு வகை உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். பிளஸ் என்றால் ஒரு படி மேலாகத்தான் இருக்கும் என்று பத்து பிளஸ் வாங்கினேன்.

ஐந்து டிஸ்க்கில் ரைட் செய்தேன். என் கணினியில் எல்லாம் ஓடின. அக்காவின் பிளேயர் ஒன்றைக்கூட ஏற்கவில்லை. பூசை முடிந்து வந்த சொந்தக்காரர்கள் வெறும் நீலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் கடையில் போய்க் கத்தினேன். அவர் டிஸ்க்கைச் சுண்டுவிரலில் சுற்றிக்கொண்டே, "பழைய பிளேயரா? அதுக்கு மைனஸாக்கும் வேணும்" என்றார்.

"அண்ணே, முந்தியே சொல்லியிருக்கலாம்லா?"

"நீங்க பர்னருக்குல்லா கேட்டிய. பிளேயருக்குக் கேக்கல்லியே."

மைனஸ் டிஸ்க்கில் அம்மா இப்போது அக்கா வீட்டில் ஜெபமாலை சொல்கிறாள். அந்த மனிதர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அந்த எரிச்சல்தான் இன்னும் அடங்கவில்லை.