சிரம்பானில் விளக்கு வைக்குமுன்

எனக்குக் கோவையாக எழுத வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தோடு நின்றவள். பாதி மறந்தும் போயிற்று. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த மோட்டார் பயணத்தை நினைத்தால் இந்த வயதிலும் எனக்குக் கால் தரையில் பாவாது.

ஈப்போவுக்குப் பக்கத்தில், சிம்பாங் பூலாய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்பா கங்காணி. அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, தோட்டத்து ஆட்களின் வீட்டு வரிசையான லயத்தில் எங்களோடுதான் இருந்தார். அவருக்குக் கோலாலம்பூருக்கும் அப்பால் சிரம்பானில், ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்க்கும் மாப்பிள்ளை அமைந்தார். மாப்பிள்ளையின் தாயாருக்கு மட்டும் மனசில்லை. "லயத்துப் பொண்ணுதானா கிடைச்சுது" என்று அவர் சொன்னது எங்கள் காதுவரை வந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் விளக்கு வைக்குமுன் பெண் வாசலுக்கு வந்துவிட வேண்டும், இருட்டில் வருகிற பெண்ணை உள்ளே அழைக்க மாட்டேன் என்று சொல்லியனுப்பிவிட்டார். அந்த முகூர்த்தம் தப்பினால் ஆடி பிறந்துவிடும். அப்புறம் இந்தப் பேச்சே நின்றுபோகும் என்று அம்மாவுக்குப் பயம்.

உறவுக்காரர்கள் ரயிலில் போனார்கள். அப்பாவுக்கு ரோஷம். பெண் மோட்டாரில் போய் இறங்கட்டும் என்று ஈப்போவிலிருந்து ஒரு வாடகைக் காரை வரவழைத்தார்.

கார் வந்த விடியற்காலையில் லயமே திரண்டுவிட்டது. தேருக்குச் செய்வதுபோல அதற்குச் செய்தார்கள். வீட்டுக்கு ஒரு பூச்சரம் வந்தது. எல்லாவற்றையும் சேர்த்து, மாரியம்மன் கோயிலில் வைத்து எடுத்து, தடி மாலையாகக் காரின் முகத்தில் கட்டினார்கள். முகத்தில் தேன்கூடு போலப் பொடி ஓட்டைகள் இருந்தன. அதன்மேல் சந்தனத்தை அள்ளி அப்பினார்கள்.

"போதும்க்கா, வண்டிக்குக் கண்ணு தெரியணும்ல," என்றார் டிரைவர்.

"கண்ணு ரெண்டும் ரெண்டு பக்கம் இருக்கு அண்ணே. நாங்க மூக்குக்குத்தான் பூசுறோம்," என்றாள் ஒருத்தி.

டிரைவர் முன்னால் குனிந்து கம்பியைச் சுழற்ற, கார் உதறிக்கொண்டு கிளம்பியது. அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் நடுவில் நின்றுகொண்டே வந்தேன். ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகப் பின்னால் ஓடின. கோப்பெங்கில் ஒரு மாடு மிரண்டு ஓடியதைப் பார்த்து அப்பாவே சிரித்தார். சின்னம்மா மட்டும் கல்யாணப் பெண் என்று தலையைக் குனிந்தபடி இருந்தார்.

காம்பார் தாண்டியதும் காரின் முகத்திலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. டிரைவர் மண்ணெண்ணெய் டின்னில் ஓடைத் தண்ணீர் மொண்டு ஊற்றினார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் அதே கதை. தாப்பா, பீடோர் என்று ஊருக்கு ஊர் நின்றோம்.

"கங்காணியாரே, மாலையக் கழட்டிடுவோம். காத்து உள்ள போக மாட்டேங்குது. வண்டி மூச்சு முட்டுது."

"அது அம்மன் மாலை. மாப்பிள்ளை வீட்டு வாசல்லதான் கழட்டணும்," என்றார் அப்பா.

சிலிம் ரிவர் தாண்டி ஒரு ஏற்றத்தில் கார் நின்றே போனது. உச்சி வெயில். டிரைவர் கையைத் துடைத்துக்கொண்டு, "இப்படியே போனா இஞ்சின் வெந்துடும். வாங்க, தாப்பாவுக்கே திரும்பிடுவோம். அங்க பட்டறை இருக்கு," என்றார். திரும்பினால் அன்று சிரம்பான் இல்லை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா மாலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் சின்னம்மா காரை விட்டு இறங்கினார்.

"மாமா, சாமிக்குச் சாத்துன மாலையே வாடினா எடுத்துடுறோம். இதைப் பாருங்க, வெந்த கீரையாட்டம் கிடக்கு. இதோட போய் இறங்கினா மாப்பிள்ளை வீட்டு அம்மா என்ன சொல்லும்?"

அப்பாவிடம் சின்னம்மா அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"பொண்ணே சொல்லிடுச்சு லா," என்றார் டிரைவர்.

அப்பா முடிச்சை அவிழ்த்தார். யார் காலும் படக் கூடாதென்று மாலையைப் பக்கத்து ஓடையில் விட்டார். கார் ஆறியதும், காய்ந்து இறுகிப்போன சந்தனத்தை டிரைவர் ஈர்க்குச்சியாலும் சின்னம்மா கொண்டை ஊசியாலும் ஓட்டை ஓட்டையாகக் குத்தி எடுத்தார்கள். நானும் ஒரு குச்சி வைத்துக் குத்தினேன்.

அதற்குப் பிறகு அது கார் இல்லை, காற்று. தஞ்சோங் மாலிம் எப்போது போனதென்றே தெரியவில்லை. கோலாலம்பூர்க் கடைத்தெருவில் டிரைவர் விடாமல் ஹாரன் குழலை அழுத்தினார். மந்தின் மலை வளைவுகளில் நாங்கள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்து விழுந்தோம். சின்னம்மா குனிந்த தலையை மறந்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "இன்னும் வேகமா போலாம் அண்ணே," என்றதும் அவர்தான்.

சிரம்பானில் இறங்கும்போது வானம் கறுத்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் தாயார் வாசலில் நின்றார்.

"இருட்டிடுச்சே," என்றார்.

"உள்ளங்கை ரேகை தெரியிற வரைக்கும் பொழுதுதான்," என்றார் அப்பா.

அந்தம்மா சின்னம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பினார். முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"தெரியுது," என்றார். பிடித்த கையை விடாமல் உள்ளே அழைத்துப்போனார். அப்புறம்தான் அந்த வீட்டில் விளக்கு ஏற்றினார்கள்.

கார் நின்ற ஏற்றம் சிலிம் ரிவருக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. அந்தப் பழைய சாலை தெரிந்தவர்கள் யாராவது பார்த்து, ஊர்களின் வரிசை தவறாயிருந்தால் திருத்திக் கொடுங்கள்.