ஓரகத்தியின் ஒரு பக்கம்

என் கொழுந்தன் மனைவி, அதாவது என் ஓரகத்தி, கூடலூர்க்காரி. எல்லைக்குப் பக்கத்தில் வளர்ந்தவள் என்பதால் மலையாளம் தண்ணீர்பட்ட பாடு. கல்யாணமாகிச் சின்னமனூருக்கு எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வாரமே அவளை எனக்குப் பிடிக்காமல் போனதற்கு அந்த மலையாளமும் ஒரு காரணம். எங்கள் தோட்டத்து வாழைத்தார் எடுக்க வந்த குமுளி வியாபாரியிடம் மாமனார் பாதித் தமிழும் பாதிக் கையாட்டலுமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, இவள் காபித் தம்ளரை நீட்டியபடியே இரண்டு வாக்கியம் மலையாளத்தில் பேசினாள். வியாபாரி சிரித்துவிட்டார். மாமனார் அன்று முழுக்க வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நான் அந்த வீட்டுக்கு வந்து அப்போதே சில வருடங்கள் ஆகியிருந்தன. என்னைப் பற்றி அவர் அப்படிப் பெருமையாகச் சொன்னது ஏதாவது உண்டா என்று யோசித்துப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

நானும் படித்தவள்தான். பி.எஸ்ஸி. வேதியியல், முதல் வகுப்பு. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளராக வேலையும் பார்த்திருக்கிறேன். அவள் பி.காம்., கம்பத்தில் ஒரு செல்போன் கடையில் பில் போட்டவள். மதிப்பெண் பட்டியல்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் நான்தான் மேலே. யாரிடமும் இதைச் சொன்னதில்லை. மனதுக்குள் மட்டும் அடிக்கடி வைத்துப் பார்த்துக்கொள்வேன்.

ஊருக்கு வெளியே வாழை ஏற்றுமதிக்காரர்கள் ஒரு பேக் ஹவுஸ் கட்டியிருந்தார்கள். தாரைச் சீப்புச் சீப்பாக வெட்டி, கழுவி, பெட்டியில் அடைத்து, குளிரூட்டிய லாரியில் துறைமுகத்துக்கு அனுப்புகிற இடம். தோட்டத்துக்கும் பேக் ஹவுஸுக்கும் நடுவில் நின்று வேலை பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்ற விளம்பரம், மாமனாரின் விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. ஏதாவது ஒரு பட்டம், வாழையைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும், விவசாயிகளிடம் பேசிப் பழக வேண்டும், கணினி தெரிய வேண்டும், மலையாளம் தெரிந்தால் நல்லது. மாமனார் போனை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார்.

"ரெண்டு பேருமே போட்டுப் பாருங்கத்தா. யாருக்குக் கெடச்சாலும் நம்ம வீட்டுக்குத்தான்."

அவருக்கு அப்படி. எனக்கு அப்படி இல்லை.

என்னிடம் பயோடேட்டா தயாராக இருந்தது. ஆய்வக வேலையை விட்ட கையோடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டி.டி.பி. சென்டரில் அடித்து வாங்கியது. மேலே என் பெயர் கொட்டை எழுத்தில், கீழே அப்பா பெயர், பிறந்த தேதி, மதம், உயரம், எடை. பத்தாம் வகுப்பு முதல் பட்டம் வரை கட்டம் போட்டு மதிப்பெண்கள். கட்டுரைப் போட்டியில் வாங்கிய பரிசு. பொழுதுபோக்கு: புத்தகம் வாசித்தல், பாட்டுக் கேட்டல். கடைசியில், மேலே கண்டவை யாவும் உண்மை என்ற உறுதிமொழி. இந்த இரண்டு பக்கத்தைத்தான் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பினேன், மருந்துக் கம்பெனிக்கும் அனுப்பினேன், கூட்டுறவு சங்கத்துக்கும் அனுப்பினேன். இதற்கும் தேதியை மட்டும் மாற்றி, விளம்பரம் வந்த மத்தியானமே அனுப்பிவிட்டேன். முதலாவதாகப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று ஒரு சந்தோஷம் வேறு.

அவள் உடனே அனுப்பவில்லை. அந்த விளம்பரத்தைக் கொண்டுபோய் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து வந்து, சாப்பாட்டு மேஜையில் விரித்துப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வேலைக்கு மனுப் போட இவ்வளவு படிப்பா என்று நினைத்தேன். மறுநாள் மாமனார் பேக் ஹவுஸுக்கு லோடு ஏற்றிப்போன குட்டியானை வண்டியில் அவளும் தொற்றிக்கொண்டாள். திரும்பி வந்தபோது சேலைக் கரையெல்லாம் வாழைக்கறை. அங்கே சீப்புக் கழுவுகிற பெண்களோடு உட்கார்ந்து பேசியிருக்கிறாள். விவசாயிகள் அவசரப்பட்டு வயது பார்க்காமல் தாரை வெட்டிக் கொண்டுவந்து விடுகிறார்களாம். ஒரே பெட்டியில் முற்றினதும் முற்றாததும் கலந்துபோய், கண்டெய்னர் போய்ச் சேருவதற்குள் பாதி பழுத்துவிடுகிறதாம். அதுதான் அங்கே பெரிய தலைவலி என்று அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கீரை ஆய்ந்தபடி கேட்டும் கேட்காதது போல இருந்தேன்.

அந்த வாரத்தில் ஒரு நாள் என்னிடம் வந்து, தாரின் வயது பார்ப்பதற்கு இங்கிலீஷில் என்ன சொல்வார்கள் என்று கேட்டாள். மெச்சூரிட்டி என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லவில்லை.

அவளுக்கு நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. எனக்கு வரவில்லை. எனக்கும் ஏதாவது வந்ததா என்று அத்தை கேட்டார். இன்னும் மெயில் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு மாடிக்குத் துணி காயப்போடப் போனேன். காய்ந்திருந்த துணியைத்தான் மறுபடியும் உதறி உதறிப் போட்டுக்கொண்டிருந்தேன். தெற்கே மேகமலை தெளிவாகத் தெரிந்த நாள் அது. எல்லாமே அவளுக்காகத் தெளிவாக இருப்பது போலிருந்தது.

நேர்காணலுக்கு முந்தைய நாள், நாளைக்குக் கையில் கொண்டுபோக வேண்டும், எழுத்துப்பிழை இருக்கிறதா பாருங்கள் என்று தன் காகிதத்தை என் கையில் கொடுத்தாள். ஒரே பக்கம். அப்பா பெயர் இல்லை, மதம் இல்லை, உயரம் எடை இல்லை, பாட்டுக் கேட்டல் இல்லை. மதிப்பெண்கூட அடியில் ஒரு வரியாக ஒதுங்கிக் கிடந்தது. முதல் வரியே இதுதான்: குடும்பத் தோட்டத்தில் ஜி-9 ரக வாழைக்கு வாரம் ஒரு நிற ரிப்பன் கட்டி, தாரின் மெச்சூரிட்டியைக் குறித்து வைத்த அனுபவம். அடுத்தது, வெட்டு ஆட்களுக்கு நாள் ஒதுக்கி, கேரள வியாபாரிகளிடம் மலையாளத்தில் பேசி லோடு அனுப்பியது. செல்போன் கடை வேலையைக்கூட, கோபத்தோடு வருகிற வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்தி அனுப்பிய வேலை என்று எழுதியிருந்தாள். விளம்பரத்தில் கேட்ட ஒவ்வொன்றுக்கும் அங்கே ஒரு பதில் இருந்தது.

எனக்கு முதல் வரியைத் தாண்டிக் கண் போகவில்லை. ரிப்பன் என் யோசனை. போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு, ஃபேன்சி ஸ்டோரில் நிறநிறமாக ரிப்பன் வாங்கிவந்து, அந்தந்த வாரம் பூத் தள்ளிய மரங்களுக்கு ஒரே நிறமாகக் கட்டி, நிறத்தை வைத்தே தாரின் வயது தெரியும்படி செய்தவள் நான். வாழைக்குச் சடை பின்னி விடுகிறாயா என்று அத்தை அன்று சிரித்தார். அதற்குப் பிறகுதான் இவள் மருமகளாக வந்தாள். நான் சொல்லிக் கொடுத்துத்தான் கட்டினாள்.

"ரிப்பன் நான் ஆரம்பிச்சது" என்றேன். குரல் எனக்கே நன்றாக இல்லை.

அவள் காகிதத்தை வாங்கி விரலால் தொட்டுக் காட்டினாள். "ஆமாக்கா, நீங்க ஆரம்பிச்சதுதான். நான் ஆரம்பிச்சேன்னு எழுதலயே. கட்டிக் குறிச்சு வச்சேன்னுதான் எழுதியிருக்கேன். உங்க பேப்பர்ல நீங்க 'ஆரம்பிச்சேன்'னே போட்டிருப்பீகல்ல?"

என் இரண்டு பக்கத்தில் ரிப்பன் என்ற வார்த்தையே கிடையாது. வாழை என்ற வார்த்தையும் கிடையாது. தோட்டத்தில் பார்த்ததெல்லாம் வேலை என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவள் எழுதியதில் ஒரு பொய்யாவது இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திரும்பத் திரும்பப் படித்தேன். எல்லாமே உண்மை. எழுத்துப்பிழைகூட ஒன்றுதான் இருந்தது. அதைத் திருத்திக் கொடுத்தேன்.

நேர்காணலுக்குக் கட்டிக்கொள்ள என் பச்சைக் காட்டன் சேலையைக் கேட்டாள். கொடுத்தேன். அது என்னைவிட அவளுக்கு எடுப்பாக இருந்தது.

வேலை கிடைத்துவிட்டது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு காலையில் கிளம்பிவிடுவாள். அவள் பங்குப் பாத்திரமும் என்மேல் விழுந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அடையாள அட்டையை நீலக் கயிற்றோடு ஃபிரிட்ஜ் கைப்பிடியில் தொங்கவிட்டிருப்பாள். ஒவ்வொரு முறை தயிர் எடுக்கும்போதும் அவள் முகம் என் கையில் வந்து இடிக்கும். தெருவில் போகிறவர்கள் அவளை நிறுத்தி, தாரை எப்போது வெட்டலாம் என்று கேட்டார்கள். மாமனார் வயதுக்காரர் ஒருவர் அவளை 'மேடம்' என்று கூப்பிட்டதை என் காதாலேயே கேட்டேன். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சில மாதம் கழித்துப் போடியில் ஓர் ஏலக்காய்ப் பரிசோதனைக் கூடத்துக்கு ஆள் எடுப்பதாகத் தெரிந்தது. வியாபாரிகள் கொண்டுவரும் ஏலக்காயில் ஈரப்பதம், பூச்சிமருந்து எச்சம் எல்லாம் சோதித்துச் சொல்கிற இடம். இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மத்தியானம் வீடு அடங்கியிருந்தபோது விளம்பரத்தைப் பிரிண்ட் எடுத்து வந்து பென்சிலால் கோடு போட்டேன். அவள் செய்ததையே செய்கிறேன் என்பது தெரிந்தது. தெரிந்தும் செய்தேன். ஒரு நாள் துணிக்கடைக்கு என்று சொல்லிவிட்டுப் போடிக்குப் பஸ் ஏறினேன். அந்தக் கூடத்துக்குள் விடமாட்டார்கள். எதிரே டீக்கடையில் நின்று, மாதிரிப் பொட்டலங்களோடு வந்து போகிற வியாபாரிகளின் பேச்சைக் கேட்டேன். முடிவு தாமதமாகிறது, யாருடைய பொட்டலம் எது என்று குழம்பிவிடுகிறார்கள் என்பதுதான் அவர்களின் குறை.

வீட்டுக்கு வந்து பழைய இரண்டு பக்கத்தை வெட்ட ஆரம்பித்தேன். மதத்தையும் எடையையும் எடுப்பது சுலபமாக இருந்தது. கட்டுரைப் பரிசை எடுக்கும்போதுதான் கை நின்றது. அது இல்லாவிட்டால் நான் யார் என்று இருந்தது. எடுத்தேன். கல்லூரி ஆய்வகத்தில் என்னென்ன செய்தேன் என்று யோசிக்க யோசிக்க வந்துகொண்டே இருந்தது. கரைசல் தயாரித்தது, தராசைச் சரிபார்த்தது, மாணவர்களின் மாதிரிகள் கலந்துபோகாமல் எண் ஒட்டிப் பதிவு எழுதியது. இதையெல்லாம் இத்தனை வருடமாக 'லேப் அசிஸ்டெண்ட், ஒரு வருடம்' என்ற ஒரே வரிக்குள் பூட்டி வைத்திருந்தேன்.

எழுதி முடித்துக் காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போன நேரம், அவள் வேலை முடிந்து வந்துவிட்டாள். திரும்பி வந்தபோது கையில் எடுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சுரீரென்றது. பிடுங்கவும் முடியவில்லை.

"அக்கா, கோவிச்சுக்காதீக. எல்லா எடத்துலயும் 'உதவினேன், உதவினேன்'னு எழுதியிருக்கீக. யாருக்கு உதவினீக? நீங்கதான செஞ்சீக?"

"அசிஸ்டெண்டுன்னா உதவுறதுதான்" என்றேன்.

"அப்ப அந்தத் தராச யார் சரி பார்த்தாக?"

"நான்தான்."

"அதத்தான் சொல்றேன்" என்று காகிதத்தை வைத்துவிட்டுக் கால் கழுவப் போனாள்.

அவள் சொல்லித் திருத்தினேன் என்று இருக்கக்கூடாது என்று ஒரு நாள் முழுக்க அதைத் தொடவில்லை. பிறகு உட்கார்ந்து, 'உதவினேன்' என்று இருந்த இடத்திலெல்லாம் 'செய்தேன்' என்று மாற்றினேன். மாற்றியதும் ஒவ்வொரு வரியும் நிமிர்ந்து உட்கார்ந்தது. அது அவள் சொன்னதால் நடந்தது என்பதை என்னால் தாங்க முடியவில்லை. அப்படியே அனுப்பினேன்.

அழைப்பு வந்தது. நேர்காணலில் நடுவில் உட்கார்ந்திருந்த அம்மா, என் முதல் வகுப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மாதிரிகளுக்கு எண் ஒட்டிய வரியைச் சுட்டிக்காட்டி, ஒரே நேரத்தில் பத்துப் பேர் பொட்டலத்தோடு வந்து நின்றால் என்ன செய்வீர்கள் என்றார். கல்லூரியில் செய்ததைச் சொன்னேன். பக்கத்திலிருந்தவர் குறித்துக்கொண்டார். அடுத்த திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார்கள்.

வீட்டில் சொன்னபோது மாமனார் எழுந்து வந்து கை கொடுத்தார். அத்தை இனிப்புக் கிண்டினார். கிண்டியபடியே, சின்னவள் வழிகாட்டியதால் பெரியவளுக்கும் விடிந்தது என்று பக்கத்து வீட்டாரிடம் ஜன்னல் வழியே சொல்லிக்கொண்டிருந்தார். வாயில் இருந்த கேசரி எனக்குக் கசந்துபோனது. அவள் அதை மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

நான் வேலையில் சேர்ந்து ஒரு மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முற்றத்தில் உட்கார்ந்து தலை காயவைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஞாயிறு விடுமுறை. அவளுக்கு லோடு இருந்தால் ஞாயிறும் கிடையாது. கிளம்புவதற்காகப் படியில் உட்கார்ந்து பாதத்துக்குக் களிம்பு தடவிக்கொண்டிருந்தாள். நாள் முழுக்கச் சீப்புக் கழுவுகிற தண்ணீரில் நின்று நின்று விரலிடுக்கெல்லாம் வெளுத்து வெடித்திருந்தது. கொடியில் தொங்கிய என் வெள்ளை லேப் கோட்டைப் பார்த்தாள். பிறகு பாதத்தைப் பார்த்தபடியே கேட்டாள்.

"உங்க லேப்புல ஏசி உண்டாக்கா?"

சாதாரணமாகக் கேட்பது போலத்தான் கேட்டாள். ஆனால் அந்தக் குரலை எனக்குத் தெரியும். இரண்டு வருடமாக என் தொண்டைக்குள் இருந்த குரல் அது.

"உண்டு" என்றேன். "ரொம்பக் குளிருது. ஸ்வெட்டர் கொண்டுவரச் சொல்லியிருக்காக."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள். நான் தலையை விரித்துப்போட்டு வெயிலில் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்கு எல்லாமே ருசியாக இருந்தது.